தோள் நரம்பு அறுந்தபின் வண்டி எடுக்கலாமா? – வாசகர் கேள்வி-பதில்

எலும்பு முறியாமலே கை செயலிழந்துபோவது பற்றிச் சென்ற இதழில் சிறு குறிப்பு எழுதியிருந்தோம். ராயபுரம் தொடங்கி எண்ணூர்வரை பல வீடுகளிலிருந்து கடிதம் வந்தது. கை மறுவாழ்வுச் சிகிச்சை செய்பவரும் இருசக்கர வாகன மெக்கானிக்கும் சேர்ந்து உட்கார்ந்து எழுதிய பதில்கள் இவை. பெயர்களை நீக்கி, ஊரை மட்டும் வைத்திருக்கிறோம்.

என் பையனுக்கு 22 வயசு. எண்ணூர் விரைவுச்சாலையில் மணலில் சறுக்கி, தோள் தரையில் அடிபட விழுந்தான். 5 வாரம் ஆகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். வலது கை கயிறு மாதிரி தொங்குகிறது, விரல் மட்டும் அசைகிறது. ‘நரம்பு தானா வந்துடும், எண்ணெய் போட்டு நீவி விடு’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள். காத்திருக்கலாமா?
– ஒரு தாய், காசிமேடு

அம்மா, முதல் வேலையாக, அந்தக் கையை யாரும் பிடித்து இழுக்கவும் கழுத்தைச் சொடுக்கவும் விடாதீர்கள். தோலுக்கு எண்ணெய் தடவலாம், தப்பில்லை. நீவி இழுப்பதும், தோளை இறுக்கி நாட்டுக்கட்டு போடுவதும் கூடாது. பாதி அறுந்து நிற்கிற நரம்பு இழுவையில் முழுதும் அறுந்துபோகலாம்.

கழுத்துப் பகுதித் தண்டுவடத்திலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் கிளம்பி, காறை எலும்புக்கு அடியில் பின்னிக்கொண்டு கைக்குள் போகின்றன. சி5, சி6, சி7, சி8, டி1 என்று பெயர். தோளைப் பக்கவாட்டில் தூக்குவது சி5-இன் வேலை. முழங்கையை மடக்குவது பெரும்பாலும் சி6. முழங்கையையும் மணிக்கட்டையும் நிமிர்த்துவது சி7. விரலை மடக்கிப் பிடிப்பது சி8, விரலிடுக்குச் சின்னத் தசைகள் டி1. வண்டியிலிருந்து விழும்போது தலை ஒரு பக்கமும் தோள் எதிர்ப்பக்கமும் போவதால், மேலே இருக்கிற சி5, சி6 முதலில் இழுபடும். உங்கள் மகனுக்கு விரல் அசைந்து தோளும் முழங்கையும் அசையாமல் இருப்பது அந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. துறைமுகத்தில் கன்வேயர் பெல்ட்டில் கை மாட்டி மேலே இழுபட்டவர்களுக்கு இது தலைகீழாக, விரல்களின் அசைவு போய்விடும்.

நரம்புக் காயம் மூன்று விதம். நரம்பு அதிர்ந்து மட்டும் போயிருந்தால் 6 முதல் 12 வாரத்தில் தானாகத் திரும்பும். உறை நன்றாக இருந்து உள்ளிழை அறுந்திருந்தால் மெதுவாக வளர்ந்து வரும். வேரோடு தண்டுவடத்திலிருந்து பிய்ந்திருந்தால் ஒருநாளும் தானாக வராது. மூன்றும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் தொங்கும். ‘தானா வந்துடும்’ என்று சோதிக்காமல் சொல்ல யாராலும் முடியாது.

விபத்து நடந்து 3, 4 வாரம் ஆனபின்தான் தசையின் மின்துடிப்பைப் பார்க்கும் இ.எம்.ஜி., நரம்புக் கடத்தல் சோதனை இரண்டும் உண்மையைச் சொல்லும். அறுந்த நரம்பின் கீழ்ப்பகுதி நலிய அவ்வளவு நாள் ஆகும். உங்களுக்கு இப்போது சரியான நேரம். கூடவே நரம்புப் பின்னலுக்கான எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். அறிக்கையில் ஒன்றைக் கவனியுங்கள். கையில் உணர்ச்சியே இல்லாத இடத்தில் உணர்வு நரம்புச் சோதனை ‘நார்மல்’ என்று வந்தால் அது நல்ல செய்தி அல்ல. உணர்வு நரம்பின் உயிரணு தண்டுவடத்துக்கு வெளியே இருக்கிறது. வேர் அதற்கும் உள்ளே பிய்ந்தால் நரம்பு உயிரோடு இருக்கும், மூளைக்கு மட்டும் இணைப்பு போயிருக்கும். அதே பக்கத்துக் கண் இமை லேசாகத் தொங்கி, கண்மணி சிறுத்துத் தெரிந்தால் டி1 வேர் பிய்ந்திருக்கலாம். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

உங்களுக்குத் தூரமும் இல்லை. பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனித்துறை இருக்கிறது. டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த துறை அது. எலும்புப் பிரிவில் காட்டிவிட்டுத் திரும்பாமல், கைப்பிரிவு என்று கேட்டுப் போங்கள். அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கானது. இப்போது கையில் இருக்க வேண்டியது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை. விபத்து நாளின் சீட்டு, எக்ஸ்ரே, எஃப்.ஐ.ஆர். நகல் மூன்றையும் ஒரே பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நரம்பு ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர் வளரும் என்று படித்தேன். எனக்கு விபத்து நடந்து 7 மாதம். முழங்கை இன்னும் மடங்கவில்லை. இன்னும் ஆறு மாதம் பொறுத்தால் வந்துவிடுமா?
– கொருக்குப்பேட்டை வாசகர்

பொறுக்காதீர்கள். இந்த வாரமே கைப்பிரிவுக்குப் போங்கள்.

1 மில்லிமீட்டர் கணக்கு சரிதான், மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம். கழுத்திலிருந்து, முழங்கையை மடக்கும் கை முன்தசைக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் என்று வைத்தால், தொடக்கத் தாமதம் ஒரு மாதத்தையும் சேர்த்து 6, 7 மாதத்தில் அங்கே ஒரு துடிப்பாவது தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் இல்லை என்பதே ஒரு சேதி. நரம்பு வந்துகொண்டிருக்கலாம், ஆனால் தசை காத்திருக்காது. மின் செய்தி வராத தசை மெல்ல மெல்லச் சுருங்கி, நரம்பு வந்து ஒட்டும் இடமே அழிந்துபோகும். 12 முதல் 18 மாதம் தாண்டினால் நரம்பு வந்து சேர்ந்தாலும் தசை பிடித்துக்கொள்வது அரிது. அதனால்தான் 3 மாதத்தில் முழங்கை மடங்கும் அறிகுறி இல்லையென்றால் அறுவைச் சிகிச்சை பற்றிப் பேச்சைத் தொடங்குவார்கள். 6 மாதத்துக்குள் செய்வது நல்லது. 9 மாதத்துக்குப் பிறகு பலன் குறைந்துகொண்டே போகும். உங்களுக்கு இன்னும் வாசல் திறந்திருக்கிறது, ஆனால் அகலமாக இல்லை.

தூரத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. பிரான்ஸ் டாக்டர் ஓபர்லின் 1994இல் வெளியிட்ட முறை அது. சுண்டுவிரல் பக்கம் போகிற அல்னார் நரம்பிலிருந்து ஓர் இழைக்கற்றையை மட்டும் எடுத்து, மேற்கையிலேயே முன்தசையின் நரம்போடு தைப்பார்கள். கழுத்திலிருந்து வளர வேண்டிய தூரம் சில சென்டிமீட்டராகிவிடும். 3 முதல் 6 மாதத்தில் முதல் துடிப்பு தெரியும். ஒரு கற்றை எடுத்ததால் விரல் பிடி பெரிதாகக் குறைவதில்லை. ஆனால் விரல்கள் நன்றாக வேலை செய்பவருக்கு மட்டுமே இது பொருந்தும். ஐந்து வேரும் போனவருக்கு விலா எலும்பு இடுக்கு நரம்பையோ, தோளை உயர்த்தும் கழுத்து நரம்பையோ கடன் வாங்குவார்கள். காலம் கடந்தவருக்குத் தொடையிலிருந்து ஒரு தசையை ரத்தக்குழாயோடும் நரம்போடும் எடுத்துக் கையில் பொருத்துவதும் உண்டு. ஆகவே ‘லேட்டாயிடுச்சு, இனி ஒண்ணுமில்ல’ என்று வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள்.

என் வீட்டுக்காரருக்கு அறுவைச் சிகிச்சைக்கு இன்னும் 6 வாரம் இருக்கிறது. அதுவரை கையைத் தொடாமல், கழுத்தில் மாட்டும் துணித் தொட்டிலில் போட்டு வைத்திருக்கிறோம். சரியா?
– தண்டையார்பேட்டை வாசகி

தொட்டில் வேண்டும். ஆனால் முழு நாளும் அதிலேயே வைத்தால் நரம்பு திரும்பி வரும்போது இறுகிப்போன மூட்டுதான் அங்கே இருக்கும். நரம்பு வந்தும் பயனில்லாமல் போகிறவர்களில் பலரைக் கெடுப்பது இந்த இறுக்கம்தான். இது உங்கள் கையில் இருக்கிற வேலை, டாக்டர் கையில் இல்லை.

மணிக்கட்டை மட்டும் கழுத்தோடு கட்டித் தொங்கவிடும் துணி உதவாது. முழங்கையைக் கீழிருந்து தாங்கும் பை மாதிரியான தொட்டில் வேண்டும். தோள் தசை செத்திருப்பதால் கையின் எடையே மூட்டைக் கீழே இறக்கிவிடும். தோள் நுனிக்குக் கீழே ஒரு விரல் நுழையும் பள்ளம் தெரிந்தால் மூட்டு இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு நாளைக்கு 4, 5 தடவை தொட்டிலைக் கழற்றி, அவர் மல்லாந்து படுத்திருக்க, ஒவ்வொரு மூட்டையும் 10 தடவை மெதுவாக அசைத்துவிடுங்கள். ஒரு கை அவர் முழங்கைக்கு அடியில், மற்றொரு கை மணிக்கட்டில். தோளை முன்பக்கமாக 90 பாகைவரை தூக்குங்கள், அதற்கு மேலே போகச் சிகிச்சையாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்து முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். எல்லோரும் விட்டுவிடுவதும், முதலில் இறுகுவதும் இந்த அசைவுதான். முழங்கையை முழுதாக நீட்டி, முழுதாக மடக்குங்கள். உள்ளங்கையை வானம் பார்க்கவும் தரை பார்க்கவும் திருப்புங்கள். விரல் முட்டிகளை 90 பாகைக்கு மடக்குங்கள், நேராகவே விட்டால் அவை மடங்க மறுக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கிற தோல் சுருங்காமல் இருக்க, கைத்துண்டைச் சுருட்டிப் பிடிக்க வையுங்கள். எங்கே இறுகுகிறதோ அங்கே 5 எண்ணும்வரை நிறுத்துங்கள், தள்ளாதீர்கள். எழுப்பி உட்கார வைக்கும்போது அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும், விரலைப் பிடித்து இழுப்பதும் வேண்டாம்.

உணர்ச்சி இல்லாத கைக்கு வியர்வையும் வராது. தோல் காய்ந்து வெடிக்கும், தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தினமும் இரவு உள்ளங்கை, புறங்கை, முழங்கை மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். டீ டம்ளர், இட்லிக் கொப்பரை ஆவி, வெயிலில் நின்ற வண்டியின் டேங்க், சைலன்சர் எல்லாம் சுட்டது தெரியாமல் கொப்புளம் போட வைக்கும். காசிமேட்டுப் பக்கம் ஐஸ் தூக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஐஸும் அப்படித்தான். சூட்டை நல்ல கையால் தொட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் இந்தக் கையை வைக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் கரண்ட் வைக்கும் மெஷின் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வியாசர்பாடி வாசகர்

அதற்குக் கொடுக்கும் பணத்தை ஆட்டோவுக்கு வைத்துக்கொண்டு தவறாமல் பயிற்சிக்குப் போங்கள். நரம்பு அறுந்த தசைக்குக் கடைகளில் விற்கும் சாதாரண மெஷினின் குறுகிய மின் துடிப்பு பிடிக்காது. தசை துடிக்கட்டும் என்று கூட்டிக்கொண்டே போனால், உணர்ச்சி இல்லாத தோல் புண்ணாகும்.

ஓபர்லின் அறுவை முடிந்து 5 மாதம். மருத்துவமனையில் ‘விரலை இறுக்கி மூடு, முழங்கை மடங்கும்’ என்கிறார்கள். விரலுக்கும் முழங்கைக்கும் என்ன சம்பந்தம்?
– புது வண்ணாரப்பேட்டை வாசகர்

மூளைக்கு உங்கள் அறுவைச் சிகிச்சை பற்றி இன்னும் தெரியாது. இப்போது முன்தசைக்குப் போகிற கம்பி, நேற்றுவரை விரலையும் மணிக்கட்டையும் மடக்கிய கம்பி. ஆகவே விரலை இறுக்கினால்தான் செய்தி அங்கே போகும். விலா நரம்பைக் கொடுத்தவர்களுக்கு இதே காரணத்தால் மூச்சை ஆழமாக இழுத்தால், இருமினால் முன்தசை துடிக்கும். அவர்கள் அந்த மூச்சைத்தான் பயிற்சியாகச் செய்ய வேண்டும்.

மேஜை மேல் கொஞ்சம் முகப்பவுடர் தூவி, முன்கையைப் படுக்க வையுங்கள். மேஜை அக்குள் உயரத்துக்கு இருக்கட்டும். முஷ்டியை இறுக்கி, மணிக்கட்டை உள்ளே மடக்கி, அதே நொடியில் ‘முழங்கை மடங்கு’ என்று மனத்தில் நினைத்து மேஜையில் இழையுங்கள். புவியீர்ப்பு எதிர்க்காததால் பலவீனமான தசையும் கையை நகர்த்தும். முன்தசையில் நல்ல கையின் விரலை வைத்து, துடிப்பு வருகிறதா என்று தொட்டுப் பாருங்கள். 5 முதல் 8 தடவை, பிறகு 2 நிமிஷம் ஓய்வு, ஒரு நாளைக்கு 5 வேளை. புதுத் தசை சீக்கிரம் களைக்கும். நடுக்கம் வந்தபின்னும் தொடர்ந்தால் மற்றத் தசைகள் குறுக்கு வழியில் வேலை செய்யப் பழகிவிடும். தோளைத் தூக்கி உடம்பைச் சாய்த்துக் கையை ஆட்டுவதுதான் அந்தக் குறுக்கு வழி. கண்ணாடி முன் உட்கார்ந்தால் உடனே தெரியும்.

வலிமையை 0 முதல் 5வரை மதிப்பிடுவார்கள். மேஜையில் இழைந்தால் 2. நின்றபடி கையின் எடையைத் தூக்கி மடக்கினால் 3. அதற்கு முன் பாட்டிலைத் தூக்காதீர்கள். 3 வந்தபின் 250 மில்லி தண்ணீர் பாட்டில், பிறகு அரை லிட்டர், ஒரு லிட்டர். ஒன்றில் 10 தடவை நடுங்காமல் வந்தபின் அடுத்தது. பல மாதம் கழித்து, விரலை இறுக்காமலே முழங்கை மட்டும் தனியே மடங்கும் நாள் வரும். அப்போது மூளை புதுக் கம்பியைப் படித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிடிக்குத் துணி கிளிப், பிசைந்த சப்பாத்தி மாவு, ஈரத் துண்டு பிழிவது போதும். மணிக்கட்டுக்கு, பூரிக்கட்டையில் கயிறு கட்டி நுனியில் அரைக் கிலோ தொங்கவிட்டு உருட்டி ஏற்றி இறக்குங்கள். பின்னால் ஆக்சிலரேட்டர் பிடிக்க உதவும் தசை இதுவே.

ராத்திரி ஆனால் கையில் மின்சாரம் பாய்கிற மாதிரி, நெருப்பில் வைத்த மாதிரி வலி. உணர்ச்சியே இல்லாத கையில் எப்படி வலி வருகிறது?
– ராயபுரம் வாசகர்

வலி கையில் பிறப்பதில்லை. வேர் பிய்ந்த இடத்தில், தண்டுவடத்துக்குள் செய்தி வராமல் தவிக்கிற அணுக்கள் தாங்களே அலறுகின்றன. அது மனப்பிரமை இல்லை, வீட்டார் அப்படிப் பேசுவது அநியாயம். சாதாரண வலி மாத்திரை இதற்குக் கேட்காது. கபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் மாதிரியான நரம்பு வலி மருந்துகளை டாக்டர் மெல்லக் கூட்டித் தருவார். திடீரென்று நிறுத்தாதீர்கள். மது குடித்துவிட்டு இவற்றைப் போட்டால் மூச்சே மந்தப்படும். மருந்து தொடங்கும் நாட்களிலும், அளவைக் கூட்டும் நாட்களிலும் வண்டி எடுக்கவே கூடாது, தூக்கம் கண்ணில் நிற்கும். புகையை விடுங்கள், அது வளரும் நரம்பின் ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். கண்ணாடியில் நல்ல கையின் அசைவைப் பார்த்தபடி 15 நிமிஷம் செய்யும் பயிற்சி சிலருக்கு நல்ல பலன் தருகிறது. எதுவும் கேட்காமல் மாதக்கணக்கில் நீடித்தால் அறுவை வழியும் உண்டு, கைப்பிரிவிலேயே கேளுங்கள்.

இடது கை. தோளும் முழங்கையும் முக்கால்வாசி வந்துவிட்டன, பிடி கொஞ்சம் குறைவு. வீட்டில் பழைய புல்லட் நிற்கிறது. ‘ஸ்கூட்டர் வாங்கு, கிளட்ச் இல்ல’ என்கிறார்கள். எது சரி?
– திருவொற்றியூர் வாசகர்

1956 முதல் அந்த வண்டி உங்கள் ஊரில் உருவானது, அதன்மேல் இருக்கிற பாசம் புரிகிறது. ஆனால் அது கனமான வண்டி. இப்போதைக்கு அதை மூடி வையுங்கள்.

ஸ்கூட்டர் யோசனையையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். ஸ்கூட்டரில் இடது லீவர் பின் பிரேக். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிவரை உள்ள புது வண்டிகளில் கூட்டு பிரேக்காவது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்காவது கட்டாயமானது. கூட்டு பிரேக் உள்ள பெரும்பாலான ஸ்கூட்டர்களில் இடது லீவரை அழுத்தினால்தான் இரண்டு சக்கரமும் பிடிக்கும். வலது லீவர் முன் சக்கரத்துக்கு மட்டும். அதாவது பலவீனமான உங்கள் இடது கையில்தான் முக்கியமான பிரேக் வந்து உட்காரும். அவசரத்தில் வலதை மட்டும் அழுத்துவீர்கள், மணல் கிடக்கிற ரோட்டில் முன் சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும். கியர் வண்டியில் முன் பிரேக் வலது கையிலும் பின் பிரேக் வலது காலிலும் இருக்கின்றன, இரண்டும் உங்களுக்கு நன்றாக இருக்கிற உறுப்புகள். பிரச்சினை கிளட்ச் மட்டும்தான். ஆகவே இடது கை நோயாளிக்கு 110 கிலோ சுற்றியுள்ள, கிளட்ச் இளகிய, சாதாரண 100 சிசி கியர் வண்டி பல நேரம் ஸ்கூட்டரைவிடப் பாதுகாப்பு. வலது கை பாதித்தவருக்கு இந்தக் கணக்கு அப்படியே திரும்பும். அவருக்குக் கூட்டு பிரேக் ஸ்கூட்டர் நல்லது, நல்ல கையே இரண்டு சக்கரத்தையும் நிறுத்தும்.

கிளட்சை அளந்து பாருங்கள். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை லீவர் நுனியிலிருந்து 2 சென்டிமீட்டர் உள்ளே மாட்டி, கிளட்ச் விடுபடும்வரை இழுங்கள். எத்தனை கிலோ என்று எழுதுங்கள். பிறகு அதே தராசை இடது கையின் நான்கு விரலால் இழுங்கள். லீவருக்கு வேண்டியதைப்போல இரண்டரை மடங்காவது வர வேண்டும் என்பது எங்கள் கைக்கணக்கு. ஒரு தடவை பிடிக்கத் தேவையான பலம் வேறு. மூலக்கடை சிக்னல் நெரிசலில் நாற்பது தடவை பிடிக்கத் தேவையான பலம் வேறு.

லீவர் கனமாக இருந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள். உள்ளே இழை பிரிந்து துருவேறிய கேபிள்தான் பாதிக் கனத்துக்குக் காரணம். புதுக் கேபிள் ஹேண்டில் கழுத்தருகே கூர்மையாக வளையாமல் போகிறதா என்று, ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். லீவர் திருகாணியைக் கழற்றித் துடைத்து கிரீஸ் வையுங்கள். லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வெற்று ஆட்டம் இருக்கட்டும். அதைவிடக் குறைந்தால் கிளட்ச் வழுக்கித் தட்டு கருகும், கூடினால் முழுதாக விடுபடாமல் கியர் இடிக்கும். எஞ்சின் பக்கம் கேபிள் மாட்டியிருக்கிற கிளட்ச் ஆர்மை நீளமாக்கிக் கனத்தைக் குறைத்துத் தருகிறேன் என்று சில பட்டறைகளில் சொல்வார்கள். கனம் குறையும், ஆனால் கேபிள் இழுக்கிற தூரம் போதாமல் தட்டுகள் பிரியாது. லீவரைப் பிடித்த பின்னும் வண்டி நகரும். அது வேண்டாம். விரல் எட்டும் தூரத்தைக் குறைக்க, திருகி அமைக்கும் லீவர் போட்டுக்கொள்ளலாம்.

வலது கையில் பிடி வரவில்லை. நண்பர்கள் ஹேண்டிலோடு துணிப்பட்டை வைத்துக் கட்டித் தருகிறோம் என்கிறார்கள்.
– மணலி வாசகர்

வேண்டவே வேண்டாம். கட்டிய கையோடு விழுந்தால் வண்டி போகிற பக்கமெல்லாம் கை போகும். கழுத்தில் மீந்திருக்கிற வேர்களும் பிய்யும்.

கட்டாவிட்டாலும் பலவீனமான வலது கையில் ஓர் அபாயம் உண்டு. தோளும் முழங்கையும் தாங்காமல் தொய்ந்தால், மணிக்கட்டும் கூடவே கீழிறங்கி ஆக்சிலரேட்டர் தானாகத் திறந்துகொள்ளும். பிரேக் பிடிக்கும்போது உடம்பு முன்னால் சாயும். அந்த எடையை முழங்கை நிமிர்த்தும் தசைதான் தாங்க வேண்டும். அது 4-க்குக் குறைவாக இருந்தால், நிறுத்தப் போன நேரத்தில் வண்டி பாயும். கைப்பிடியை விட்டவுடன் ஆக்சிலரேட்டர் டப்பென்று மூடுகிறதா என்று ஹேண்டிலை மூன்று நிலையில் திருப்பிச் சோதியுங்கள். நீண்ட பயணத்துக்கு ஆக்சிலரேட்டரை ஒரே இடத்தில் நிறுத்தும் பூட்டுச் சாதனம் கடையில் கிடைக்கும். உங்களுக்கு அது ஆகாது.

சைடு வீல் வைத்த ஸ்கூட்டர் எடுத்தால் லைசென்ஸ் கிடைக்குமா?
– பெரம்பூர் வாசகர்

சைடு வீல், கால் ஊன்ற முடியாதவருக்கான ஏற்பாடு. கை பலவீனத்துக்கு அது எதிரி. இரண்டு சக்கர வண்டி சாய்ந்து திரும்பும், கை லேசாகத் தள்ளினால் போதும். சைடு வீல் வண்டி சாயாது, ஹேண்டிலை முழு பலத்தோடு திருப்ப வேண்டும். தோள் பலம் இல்லாதவருக்கு இதுவே கஷ்டம்.

லீவரை இடம் மாற்றுவது, இரண்டு பிரேக்கையும் ஒரே கைக்குக் கொண்டுவருவது போன்ற மாற்றங்களை வண்டியில் செய்வதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். ஒப்புதல் வாங்கி ஆர்.சி.யில் பதிய வேண்டும், இன்சூரன்ஸுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பதியாத மாற்றத்தோடு விபத்து நடந்தால் இழப்பீடு மறுக்க அதுவே காரணமாகிவிடும். கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் உரிமம் எடுத்தால் கியர் வண்டி ஓட்டக்கூடாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பல சலுகைகளுக்கு 40 சதவீதத்துக்குக் குறையாத சான்று வேண்டும். நரம்பு இன்னும் வளர்ந்துகொண்டிருந்தால் தற்காலிகச் சான்று தருவார்கள், பிறகு மறுபடி மதிப்பிடுவார்கள்.

டாக்டர் ‘ஓட்டலாம்’ என்றுவிட்டார். முதல் நாள் எங்கிருந்து தொடங்குவது?
– எண்ணூர் வாசகர்

வீட்டு வாசலில், சென்டர் ஸ்டாண்டில், எஞ்சின் அணைத்து. ஹெல்மெட் மாட்டி இரண்டு கையையும் ஹேண்டிலில் வைத்து 20 நிமிஷம் உட்காருங்கள். ஹெல்மெட் பட்டையை நீங்களே மாட்டிக் கழற்ற வேண்டும். இரட்டை வளையப் பட்டை ஒரு கைக்குச் சிரமம், பல் பல்லாகச் சொருகும் கிளிப் உள்ளதை வாங்குங்கள். ஹேண்டிலை முழுதாக இடமும் வலமும் 20 தடவை திருப்புங்கள். பார்க்காமலே ஹாரனும் இண்டிகேட்டரும் கட்டைவிரலுக்கு அகப்பட வேண்டும். கை மரத்தாலோ நடுங்கினாலோ அன்று அவ்வளவுதான்.

இது ஒரு வாரம் சரியாக வந்தபின், ஞாயிறு விடிகாலை வெறும் மைதானத்தில், துணைக்கு ஒருவரோடு. வண்டியைத் தள்ளி ஸ்டாண்டில் ஏற்றி இறக்குங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் போய், துணைக்கு வந்தவர் சொன்ன நொடியில் இரண்டு பிரேக்கும் பிடித்து நேர்கோட்டில் நிறுத்துங்கள். தொடர்ந்து பத்துத் தடவை நேராக நின்றால் 30. பிறகு எட்டுப் போடுங்கள். எட்டில் கை வலிப்பது சாதாரணம், கை வழுக்குவது சாதாரணமில்லை.

தெருவுக்கு வந்தால் முதலில் 15 நிமிஷம், பகலில், மழையில்லாத நாளில். முதல் மூன்று மாதம் பின்னால் யாரையும் ஏற்றாதீர்கள். உங்கள் ஊரில் விரைவுச்சாலைதான் நேர்வழி என்று தெரியும், ஆனால் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டும் நேரத்தில் அங்கே போக வேண்டாம். டிரெய்லருக்கும் ஓரத்து மணலுக்கும் நடுவே சட்டென்று விலக இரண்டு கையும் ஒன்றுபோல வேண்டும். கொருக்குப்பேட்டைத் தண்டவாளத்தைச் செங்குத்தாகவே கடங்கள், சாய்த்துக் கடந்தால் ஹேண்டில் உதறும். சிகிச்சைக்குப் போக விம்கோ நகரில் மெட்ரோ பிடித்து வண்ணாரப்பேட்டையில் இறங்குங்கள். பயிற்சி முடித்துக் களைத்த கையோடு வண்டி ஓட்டித் திரும்புவது நல்லதல்ல.

உணர்ச்சி குறைந்த கைக்கு முட்டிப் பாதுகாப்புள்ள கையுறை போடுங்கள், விரல் மடிந்து மாட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சட்டைப் பையில் ஒரு சீட்டு இருக்கட்டும்: எந்தக் கையில் நரம்புக் காயம், என்ன அறுவை, எந்த மருந்து, அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்க வேண்டாம். 108 வரும்வரை உங்களைத் தூக்க ஓடி வருபவர்கள் முதலில் பிடிப்பது கையைத்தான்.